ஊர்த் தலைமையும் மக்களாட்சியும்: ஆப்பிரிக்க ஆய்வுநூல்கள் இரண்டும் பழனிமலைப் பூண்டியும்

கொடைக்கானலிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் மேல்மலைப் பாதை பூம்பாறையையும் மன்னவனூரையும் கடந்து, கவுஞ்சி வழியாகப் பூண்டியை அடைகிறது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும் வளைவுகளும் மூடுபனியும் அதைப் பாதிநாள் பயணமாக்கிவிடும். படிக்கட்டு வயல்களில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் விளைகின்றன. (ஊர்ப்பெயரைக் கேட்டதும் பூண்டை நினைப்பவர் பலர். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது உண்மையே; ஊர்ப்பெயருக்கும் அதற்கும் உறவு காட்டுவது நமது வேலையன்று.) 2025ஆம் ஆண்டின் கோடையில் அங்குச் சென்றிருந்தபோது, தேநீர்க் கடைக்காரர் ஒருவரிடம், ஊர்த் தலைவரைப் பார்க்க இயலுமா என்று வினவினோம். அவர் திருப்பிக் கேட்டார்: "எந்தத் தலைவரு பாய்? பஞ்சாயத்துத் தலைவரா, ஊர்த் தலைவரா? பஞ்சாயத்துக்கு இப்ப தலைவரு இல்ல. ஊருக்கு எப்பவும் உண்டு."

அவர் கூறியதில் பிழையில்லை. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வென்றோரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளுடன் முடிவடைந்தது. திண்டுக்கல் மாவட்டமும் அவற்றுள் ஒன்று. மறுதேர்தல் நடைபெறாததால் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். இது முதன்முறையுமன்று. 2016 இறுதியிலிருந்து 2019 இறுதிவரை மூன்றாண்டுகளுக்கும் மேலாகத் தமிழக ஊராட்சிகள் இவ்வாறே தலைவரின்றி இருந்தன. அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கிய பின்னரும் மக்கள் தேர்ந்தெடுத்த நாற்காலி காலியாகிறது. எவரும் வாக்களித்து அமர்த்தாத நாற்காலியோ ஒருநாளும் காலியாவதில்லை.

அண்மையில் நாம் பயின்ற இரு நூல்களை இந்தக் கடைக்காரரின் சொற்களோடு சேர்த்தே எண்ண நேர்ந்தது. ஒன்று, மஹ்மூத் மம்தானி 1996இல் வெளியிட்ட 'சிட்டிசன் அண்ட் சப்ஜெக்ட்'. 'குடிமகனும் ஆளப்படுபவனும்' என்று அதைப் பெயர்க்கலாம். மற்றொன்று, அமெரிக்க அரசியல் ஆய்வாளர் கேட் பால்ட்வின் 2015இல் வெளியிட்ட, மக்களாட்சி ஆப்பிரிக்காவில் மரபுத் தலைவர்கள் எனும் முரணை ஆராயும் நூல். இரண்டுமே ஆப்பிரிக்காவைப் பற்றியவை. ஆனால் தேர்தல் அரசுக்குள் தேர்தலற்ற தலைமை என்ன செய்கிறது என்ற வினா ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. முதலாவது நூல் அத்தலைமையைச் சாடுகிறது. இரண்டாவது அதற்காக வழக்காடுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் குறைபடுகின்றன என்பதே நமது கருத்து.

மம்தானி மும்பையில் பிறந்து கம்பாலாவில் வளர்ந்தவர். 1972இல் இதி அமீன் ஆசிய வம்சாவளியினரை வெளியேற்றியபோது உகாண்டாவை விட்டு நீங்கியவர்களுள் ஒருவர். அவரது வாதம் சுருக்கமாக இது: குடியேற்ற ஆட்சி ஆப்பிரிக்க நாடு ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்தது. நகரத்தில் சிவில் சட்டம், உரிமைகள், குடிமகன். கிராமத்தில் வழக்காற்றுச் சட்டம், மரபுத் தலைவன், ஆளப்படுபவன். அத்தலைவனின் கையில் சட்டமியற்றல், நிறைவேற்றல், தீர்ப்பளித்தல், வரி தண்டல் ஆகிய நான்கும் ஒருங்கே குவிந்தன. பண்டைக் காலத்தில் அவனைக் கட்டுப்படுத்திய முதியோர் அவை, குலங்கள், இடம்பெயர்ந்து செல்லும் உரிமை முதலியன யாவும் வலுவிழந்தன. வழக்காறு என்ற பெயரில் நிலைநாட்டப்பட்டதில் பெரும்பகுதி வெள்ளை அதிகாரியும் அவனுக்கு வேண்டிய தலைவனும் சேர்ந்து வடித்ததே. விடுதலைக்குப்பின் வந்த அரசுகள் நிறவேற்றுமையை நீக்கின. இக்கிராமக் கொடுங்கோன்மையையோ பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்தன.

இவ்வாதத்தின் வலிமையை வட நைஜீரியாவைக் கொண்டு நாம் எளிதில் உணரலாம். அறிஞர் உஸ்மான் தன் ஃபோதியோ அவர்கள் 1804இல் தொடங்கிய இயக்கம், ஹவுஸா அரசர்களின் முறையற்ற வரிகளையும் கொடுமைகளையும் எதிர்த்தே எழுந்தது. அதிலிருந்து உருவான சொகோட்டோ அரசை 1903இல் பிரித்தானியர் வென்றனர். லுகார்டு அமீர்களை ஒழிக்கவில்லை. தம் ஆட்சியின் கருவியாக்கிக் கொண்டார். ஆலிம்களின் கண்டனத்துக்கு அஞ்ச வேண்டியிருந்த அமீர், அதன்பின் ஆங்கிலேய அதிகாரியின் கண்டனத்துக்கு மட்டும் அஞ்சினால் போதும் என்றாயிற்று. இன்றும் அந்நிலை முற்றிலும் மாறிவிடவில்லை. கானோவின் அமீர் ஸனூஸி 2020 மார்ச்சில் மாநில அரசால் நீக்கப்பட்டு, 2024 மே மாதத்தில் அடுத்த அரசால் மீண்டும் அமர்த்தப்பட்டார். இரு முறையும் கானோவின் மக்களை எவரும் கேட்கவில்லை.

ஆயினும் மம்தானியிடம் நமக்கு ஒரு முறையீடு உண்டு. இவ்வாட்சிமுறையின் சிந்தனை வேரை அவர் 2012இல் வெளியிட்ட பிறிதொரு நூலில், 1857க்குப் பிந்தைய இந்தியாவிலும், வைசிராயின் அவையில் சட்ட உறுப்பினராயிருந்த ஹென்றி மெயினின் எழுத்துகளிலும் காண்கிறார். சென்னை மாகாணத்தின் சட்டங்களைப் புரட்டியிருப்பாராயின் இன்னும் நாற்பதாண்டு பின்னே சென்றிருப்பார். தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816இல் இயற்றப்பட்ட ஒழுங்குமுறைச் சட்டங்கள், கிராமத் தலைவனையே முன்சீபாக்கிச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரத்தையும், சிறு குற்றங்களைத் தண்டிக்கும் காவல் அதிகாரத்தையும் அவனிடம் ஒப்படைத்தன. அவ்வாண்டின் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு: குற்றவாளி தாழ்ந்த சாதியினனாயின் அவனைத் தொழுவில் மாட்டி வைக்கலாம். பிற சாதியினர்க்கு அத்தண்டனை இல்லை. ஊர் வழக்கத்தை மதித்து நடப்பதாகக் கூறிக்கொண்ட அரசு, அவ்வழக்கத்தின் இழிந்த பகுதியைத் தேர்ந்தெடுத்துச் சட்டப்புத்தகத்தில் அச்சிட்டது. நைஜீரியாவில் லுகார்டு செய்ததற்கு ஒரு நூற்றாண்டு முன்னதாகவே இங்கு ஒத்திகை நடந்துவிட்டது.

பின் நடந்ததில்தான் தமிழகம் ஆப்பிரிக்காவிலிருந்து வேறுபடுகிறது. பரம்பரையாக வந்த முன்சீப், கர்ணம் முதலிய பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பர் 14ஆம் நாள் ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லுமென்றது. அரசின் சம்பளப் பட்டியலில் இருந்த ஊர்த்தலைவன் அத்துடன் மறைந்தான். ஆனால் சம்பளப் பட்டியலில் என்றுமே இடம்பெறாத ஊர்த்தலைவன் மறையவில்லை. நாட்டாண்மை, அம்பலம், பெரியதனம் என்று ஊர்தோறும் வேறு பெயர்களில் அவன் நிலைத்திருக்கிறான். பழனி மேல்மலையில் அப்பெயர் மன்னாடியார்.

மன்னாடி என்பது குன்னுவர் சமூகத்தின் பட்டப்பெயர். 1906இல் பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்டக் கெஸட்டியர், இம்மலையின் முதன்மையான உழவர் குடியென இவர்களைக் குறிக்கிறது. நான்கைந்து நூற்றாண்டுகளுக்கு முன் கீழ்நாட்டுப் போர்களின் தொல்லை தாளாது தாராபுரம், காங்கேயம் பகுதிகளிலிருந்து மலையேறியவர்கள் தாங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. சாலையும் காவல்நிலையமும் இல்லாத அக்குளிர்க் காட்டில் வழக்குத் தீர்க்கவும், விதைப்புக்கும் விழாவுக்கும் நாள் குறிக்கவும், காட்டு விலங்கையும் பஞ்சத்தையும் எதிர்கொள்ளவும் ஒருவர் தலைமை தாங்கியே ஆகவேண்டியிருந்தது. அதனைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் அதே கெஸட்டியர் மற்றொன்றையும் பதிவு செய்கிறது: மலையில் இவர்களுக்கு முன்னரே வாழ்ந்த புலையர்கள் இவர்களிடம் ஏறத்தாழ அடிமைகளாகவே உழைத்தனர். ஊர் கூடி முடிவெடுத்தது என்று அக்காலத்தில் சொல்லப்பட்டபோது, அந்த ஊரில் புலையர் அடங்கினரா? கெஸட்டியர் அதைக் கேட்கவில்லை. நாம் கேட்கவேண்டும்.

இனி பால்ட்வின். தேர்தலுக்கு உட்படாத தலைவர்களால் மக்களாட்சி கெடும் என்பது பொதுவான நம்பிக்கை. அவர் ஸாம்பியாவில் நடத்திய ஆய்வைக்கொண்டு அதனை மறுக்கிறார். பள்ளிக்கூடமோ கிணறோ கட்ட வேண்டுமாயின் அரசுப் பணம் மட்டும் போதாது. ஊரார் கல்லும் மணலும் உழைப்பும் தரவேண்டும். அவர்களைத் திரட்டக்கூடியவர் மரபுத் தலைவர். சட்டமன்ற உறுப்பினர் ஐந்தாண்டில் போய்விடுவார். தலைவரோ தம் வாழ்நாள் முழுதும் அவ்வூரிலேயே இருந்தாக வேண்டியவர். ஆதலால் ஊரின் நீண்டகால நன்மையில் அவருக்கு அக்கறை உண்டு. மக்கள் தலைவரின் சொற்கேட்டு வாக்களிப்பது அச்சத்தாலன்று. அவரோடு இணங்கிப் பணியாற்றக்கூடிய வேட்பாளரால் ஊருக்குப் பயன் கிடைக்கும் என்ற கணக்கினாலே. தலைவர் வாக்குத் தரகரல்லர், வளர்ச்சித் தரகர் என்பது அவரது முடிவு.

இதில் உண்மையில்லை என்று சொல்ல நம்மால் இயலாது. மழைக்காலத்தில் பாதை சரிந்தால் மேல்மலையில் முதலில் மண்வெட்டி எடுப்பவர்கள் ஊராரே. அவர்களைக் கூட்டுபவர் ஊர்த்தலைவர். பூண்டியைச் சுற்றிய ஊர்களுக்குப் போதைக் காளான் தேடிவரும் வெளியூர் இளைஞர்கள் பெருந்தொல்லையாகிவிட்ட இக்காலத்தில், தம் பிள்ளைகளை அவ்வணிகத்தினின்று தடுக்கும் ஆற்றல் காவல்துறையைவிட ஊர்க் கட்டுப்பாட்டுக்கே மிகுதி என்று அங்குள்ள பெரியவர்கள் நம்மிடம் கூறினர்.

ஆனால் பால்ட்வின் போற்றும் அந்த நீண்ட காலம் இருபுறமும் வெட்டும் கத்தி. ஐந்தாண்டில் போகிறவரைப் பகைத்துக் கொண்டவர் ஐந்தாண்டு பொறுத்தால் போதும். வாழ்நாள் முழுதும் இருப்பவரைப் பகைத்துக் கொண்டவர், அவர் மகனின் காலத்திலும் துன்பத்தை எதிர்பார்க்க வேண்டும். அத்தகையோர் ஆய்வாளரின் வினாத்தாளுக்கு என்ன விடையளிப்பர்? தேநீர்க் கடைக்காரரின் மனைவியார், நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவியவர், இடையில் சொன்ன ஒரு சொல் இங்கு நினைவுக்கு வருகிறது. ஊர்க் கூட்டத்துக்குப் பெண்கள் வருவதுண்டா என்று கேட்டோம். "எங்களக் கூப்பிட மாட்டாங்க பாய். முடிவச் சொல்லி அனுப்புவாங்க" என்றார். அவர் குரலில் குறையேதும் தொனிக்கவில்லை. ஊர்த் தலைமையில் நம்பிக்கை உண்டா என்று கேட்டிருந்தால் உண்டென்றே சொல்லியிருப்பார்.

மம்தானி தலைவரின் அதிகாரத்தை அளக்கிறார். பால்ட்வின் தலைவரால் விளையும் பயனை அளக்கிறார். தலைவருக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு தனி ஆளின் சம்மதமும் எவ்வாறு அறியப்படுகிறது என்பதை இருவருமே உரிய அளவு ஆராயவில்லை. இதை ஆராய்வதற்கு நமது மரபில் ஒரு கருவி இருக்கிறது. அரபுக் கல்லூரிகளில் நாம் ஆண்டுதோறும் ஓதிக்கொடுப்பதுதான். ஆயினும் இக்கோணத்தில் அதனை நோக்குவது குறைவு.

அரபுக் குலங்களில் 'அரீஃப்' என்றொரு பொறுப்பு இருந்தது. ஒரு சிறு கூட்டத்தாரின் நிலையை அறிந்து, அவர்களுக்கும் ஆட்சித் தலைமைக்கும் இடையில் நிற்பவர் அவர்; பன்மையில் 'உரஃபா'. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ஹுனைன் போருக்குப்பின் ஹவாஸின் குலத்தார் இஸ்லாத்தைத் தழுவி வந்து, தம் கைதிகளைத் திருப்பித் தருமாறு வேண்டினர். கைதிகளோ ஏற்கனவே படையினருக்குப் பங்கிடப்பட்டிருந்தனர். நபி (ஸல்) அவர்கள் மக்களிடம், மனமுவந்து விட்டுக்கொடுப்போர் கொடுக்கலாம், பின்னர் ஈடு வேண்டுவோர் அவ்வாறே பெறலாம் என்றார்கள். கூட்டம் ஒரே குரலில் சம்மதம் தெரிவித்தது. அண்ணலார் அக்குரலை ஏற்றுக் கலையவில்லை. உங்களில் யார் சம்மதித்தார், யார் சம்மதிக்கவில்லை என்பது நமக்குத் தெரியாது. திரும்பிச் செல்லுங்கள், உங்கள் உரஃபா உங்கள் முடிவை நம்மிடம் கொண்டுவரட்டும் என்ற கருத்துப்படக் கூறி அனுப்பினார்கள். உரஃபா ஒவ்வொருவரிடமும் பேசித் திரும்பிவந்து, அவர்கள் உளமொப்பியே சம்மதித்தனர் என்று அறிவித்தபின்னரே காரியம் முடிந்தது. ஸஹீஹுல் புகாரியில் அஹ்காம் பகுதியில் இதற்கென்றே தனித்தலைப்பு இடப்பட்டுள்ளது. ஆட்சியாளர் எல்லாவற்றையும் தாமே நேரில் பார்க்க இயலாதாகையால் உரஃபாவை நியமிக்கலாம் என்பதற்கு இதனை விரிவுரையாளர்கள் சான்றாக்கினர். அது சரியே. ஆனால் அத்துடன் நின்றுவிட்டால் செய்தியின் பாதியை இழந்தவராவோம். தலைவனின் பணி எத்திசையில் நடந்தது என்பதே மறுபாதி. மேலிருந்து வந்த முடிவை அரீஃப் கீழே கொண்டுசெல்லவில்லை. கீழே ஒவ்வொருவரின் மனத்திலும் இருந்ததை மேலே கொண்டுசென்றார். அதிலும், வெற்றிக்களிப்பில் இருந்த பெருங்கூட்டத்தின் ஆரவாரத்தில் ஒருவனின் தயக்கம் அமுங்கிவிடக்கூடாது என்பதற்காகவே அவர் தேவைப்பட்டார்.

இப்பொறுப்பின் ஆபத்தும் முன்னோர்க்குத் தெரியாததன்று. அபூதாவூதில் வரும் ஓர் அறிவிப்பு, மக்களுக்கு உரஃபா தேவையே, ஆயினும் அவர்களின் மறுமை நிலை அஞ்சத்தக்கது என்று எச்சரிக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்பதையும் சொல்லிவிடுவதே முறை.

இவ்வளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு மீண்டும் ஆப்பிரிக்காவை நோக்கினால், சில நாடுகள் இத்திசை மாற்றத்தைச் சட்டத்தால் முயன்றிருப்பது புலனாகும். கானாவின் 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பு மரபுத் தலைமையை உறுதி செய்கிறது. அதே மூச்சில் தலைவர்கள் கட்சி அரசியலில் ஈடுபடுவதைத் தடுக்கிறது. நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட விரும்புபவர் தலைமைப் பீடத்தைத் துறக்க வேண்டும். காலத்துக்கு ஒவ்வாத, தீங்கு பயக்கும் வழக்கங்களை ஆராய்ந்து களையும் பொறுப்பைத் தேசியத் தலைவர்கள் அவையிடமே ஒப்படைத்துள்ளது. அந்நாட்டு அகான் மக்களிடையே தலைவரை முன்மொழிபவர் அரசித்தாய். தவறிழைத்த தலைவரைப் பீடத்திலிருந்து இறக்கும் முறையும் மரபிலேயே உண்டு. தென்னாப்பிரிக்காவில் வலோயி சமூகத்தினர், பெண்ணுக்குத் தலைமை இல்லை என்ற தம் பழைய வழக்கைத் தாமே மாற்றி ஃபிலியா ஷிலுபானாவைத் தேர்ந்தனர். அது வழக்காடப்பட்டபோது, மரபைத் திருத்தும் உரிமை அம்மரபுக்குரியோர்க்கு உண்டு என்று 2008இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரபு மாறாதது என்று வாதிடுவோர் இவ்வழக்கைப் படிப்பது நல்லது.

தமிழகத்தில் மரபுத் தலைமைக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அட்டவணைப் பகுதிகள் இங்கு இல்லாமையால், மலைவாழ் மக்களின் வழக்காற்றை ஊராட்சியோடு இணைக்கும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இங்குச் செல்லாது. இதனைச் சிலர் முற்போக்கு என்பர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. சட்டத்தில் இல்லாதவரைச் சட்டம் கேள்வி கேட்க முடியாது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டபோது என்ன நடந்தது? வேட்புமனுத் தாக்கல் செய்ய ஆளில்லை. வென்றவரும் உடனே பதவி விலகினர். 2006 அக்டோபரில்தான் அங்கு முறையான தேர்தல் நடந்தது. பத்தாண்டுகள் ஒரு நாட்டின் அரசியலமைப்பை நான்கு ஊர்களின் பெரியவர்கள் நிறுத்தி வைத்தனர். அவர்களுள் எவர் பெயரும் எந்த அரசிதழிலும் இல்லை. ஊராட்சிப் பதவிகளை ஊரே ஏலம்விடும் செய்திகள் 2019 தேர்தலின்போதும் வந்தன. ஏலத்தொகை கோயில் திருப்பணிக்குப் போகிறது, ஊர் ஒற்றுமையும் காக்கப்படுகிறது என்று அதற்குச் சமாதானம் கூறப்படுகிறது. ஒற்றுமை எனப்படுவது யாருடைய மௌனத்தால் வாங்கப்பட்டது என்பதே கேள்வி.

பிறரை இவ்வாறு கேட்கும் நாம், நமது மஹல்லாக்களை விட்டுவிட இயலாது. ஜமாஅத் தலைமையும் மரபுத் தலைமைதான். முத்தவல்லி வக்ஃபுச் சொத்தின் கணக்கை வாரியத்துக்குக் காட்ட வேண்டியவர். அதற்குச் சட்டம் உண்டு. ஆனால் திருமணப் பதிவேட்டை மறுப்பதும், மணவிலக்குப் பஞ்சாயத்தும், ஊர் விலக்கும் எந்தக் கணக்கில் வருகின்றன? புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் தலைமையில் பெண்கள் தனி ஜமாஅத் கண்டபோது நம்மவர் பலர் சினந்தனர். அவ்வமைப்பின் எல்லா முடிவுகளோடும் நமக்கு உடன்பாடில்லை. எனினும் அப்பெண்கள் தனியே கூட நேர்ந்ததற்குக் காரணம், அவர்கள் வழக்கு விசாரிக்கப்பட்ட அவைகளில் அவர்களுக்கு இருக்கை இல்லாமையே என்பதை மறைக்க இயலுமா? 2014இல் உச்ச நீதிமன்றம் தாருல் கழாக்களின் தீர்ப்புகளுக்குச் சட்ட வலு இல்லை, விரும்புவோர் ஏற்கலாம் என்றபோது நாம் மனவருத்தம் கொண்டோம். விரும்புவோர் என்ற அச்சொல்லில் ஹவாஸின் சம்பவத்தின் சாயல் இருப்பதைக் கவனிக்கத் தவறினோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மஹல்லாக் கூட்டத்தில் நாம் இருந்தோம். பள்ளிவாசலை விரிவுபடுத்த அருகிலுள்ள சந்தை அடைப்பது பற்றிய பேச்சு. அச்சந்தின் வழியே மட்டும் வாசல் உள்ள வீடுகள் இரண்டு. இரண்டிலும் வாழ்பவர்கள் கணவரை இழந்த பெண்கள். பெரியவர் ஒருவர் எழுந்து, எல்லோருக்கும் சம்மதந்தானே என்று கேட்டார். சம்மதம், சம்மதம் என்று பள்ளி அதிர்ந்தது. ஆள் அனுப்பி அவ்விரு வீடுகளிலும் கேட்டுவரலாம் என்று எவரும் சொல்லவில்லை. உரஃபா பற்றிய ஹதீஸை அவ்வாண்டும் நாம் மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்திருந்தோம். சம்மதம் என்று சொன்னவர்களுள் நாமும் ஒருவர்.